உப்பிட்டவரைத் தணிக்கை செய்

புதுச்சேரி உப்பளத்தில் குடியிருப்பவனுக்கு உப்பின் அருமை தெரியும். ஆகவே தணிக்கையாளர்களை ஏசும் கூட்டத்தில் நான் சேருவதில்லை. எந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறார்களோ, அதுவே கட்டணமும் தருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?

நிஜத்தில் இல்லாத 5,040 கோடி ரூபாய் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஏட்டில் இருந்தது. தணிக்கையாளர்கள் அதை நம்பியதுதான் பெருந்தன்மை! 2009 ஜனவரி 7-ம் தேதி தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிட்டார். அவ்வளவு தெளிவான அறிக்கையைத் தணிக்கையாளர் யாரும் எழுதியதில்லை. இனி அந்த வேலையையும் தலைவர்களிடமே கொடுத்துவிட்டால் கட்டணமாவது மிச்சம்.

2018 ஏப்ரல் முதல் தொடங்கிய கணக்காண்டுகளுக்கு, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் ‘முக்கியத் தணிக்கை விஷயங்கள்’ கட்டாயம். சிக்கல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். தணிக்கையாளரின் கருத்து மட்டும் மாறாது. மாப்பிள்ளைக்குக் குடி உண்டு, கடன் உண்டு, சம்பந்தத்தில் மாற்றமில்லை.

நேற்று இந்திரா காந்தி விளையாட்டரங்கம் பக்கம் டீக்கடை அண்ணனின் கடன் நோட்டை எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே ஒரே வரி: “வராது.”

அண்ணனுக்கு நான் இதுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை.