வெளிச்செல்லும் எண்ணியல்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருவர் இன்னொருவருக்கு யாராகத் தோன்றுகிறார் என்பது தத்துவக் கேள்வி. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில், மாடியில் இயங்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்தில், கூப்பிடும்போது வாடிக்கையாளரின் திரையில் எந்த எண் தெரிய வேண்டும் என்ற வடிவில், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் ஐ.டி. ஆள்.

கிளை, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில். இரண்டு இடத்துக்கும் வட்டாரக் குறியீடு 03தான். ஆனால் அடுத்து 33 வந்தால் கிள்ளான், 22 வந்தால் பங்சார், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்று இங்குள்ளவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். கிள்ளான்காரர் 22-ஐ எடுக்கமாட்டார் என்பது நம் கருதுகோள். சான்று, கிளையில் இருக்கும் அக்காவின் பெருமூச்சு.

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த மரபில் எண்களையும் பகுக்கலாம். 01 என்று தொடங்கும் கைப்பேசி எண் குறிஞ்சி. தெரிந்தவர் என்று எண்ணி எடுத்துவிடுவார்கள், கூடல் நிகழும். (012 மேக்சிஸ், 013 செல்கோம் என்று குலம் பார்த்த வழக்கம், எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி 2008-இல் வந்தபின் ஒழிந்தது.) 1-300 முல்லை, பாட்டுக் கேட்டபடி காத்திருத்தல். 03 மருதம், பழைய வாடிக்கையாளரின் ஊடல். எண்ணே காட்டாத அழைப்பு பாலை. கடல் கடந்த எண் நெய்தல். எடுத்தவர் பின்னால் இரங்குவார்.

இனி இலக்கணம். ஃப்ரீபிபிஎக்ஸ் போன்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளில் வெளிச்செல்லும் வழி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை எழுதிவைக்கலாம். முன்னால் 8 அழுத்தினால் கிள்ளான் எண், 9 அழுத்தினால் பிரிக்பீல்ட்ஸ் எண் என்று விதி செய்துகொள்ளலாம். மென்பொருள் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். ஆகவே பொதுவிதியை மேலே வைத்தவர், கீழே சிறப்புவிதி எழுதியும் பயனில்லை. மேசைத் தொலைபேசிக்குத் தனியாக எண் கொடுத்திருந்தால், வேறு ஏற்பாடு செய்யாதவரை அது வழியின் எண்ணை வென்றுவிடும். ஐ.டி. ஆளின் தலைமுடி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நரைக்கிறது. அனைத்துக்கும் மேலே தொலைபேசி நிறுவனம் என்ற புறனடை உண்டு. உங்களுக்கு ஒதுக்காத எண்ணை அனுப்பினால், பொதுவாக அதை நீக்கிவிட்டு உங்கள் தலைமை எண்ணையே ஒட்டி அனுப்பும்.

அது செய்வது நியாயமே. இதே வித்தையைக் கொண்டுதான் மக்காவ் மோசடிக்காரர்கள் போலீஸ், நீதிமன்றம், வங்கி ஆகியவற்றின் எண்களைத் திரையில் காட்டிப் பணம் பறித்தார்கள். அதிலும் நம் அலுவலகத்தின் நிலை பரிதாபம். ஏப்ரல் 30-க்குள் வருமான வரிக்கான பிஇ பாரம் அனுப்பியாக வேண்டும். "வருமான வரி விஷயமா கூப்பிடுறோம்" என்ற முதல் வாக்கியமோ கணக்காளருக்கும் மோசடிக்காரருக்கும் பொது. 22 ஆனாலும் 33 ஆனாலும் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஆகவே கருதுகோள் தோற்றது. அக்கா முதலில் வாட்ஸ்அப்பில் "அண்ணே, ஆப்பீஸ்லருந்து நான்தான் கூப்பிடுறேன், எடுங்க" என்று அனுப்பினால் எந்த எண்ணும் எடுக்கப்படும். அனுப்பாவிட்டால் எதுவும் எடுக்கப்படாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் தெரியும் எண்ணை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது.