17 இன்ச் மாப்பிள்ளை

மாப்ளே, காருக்கு 17 இன்ச்சுல அலாய் வீல் மாட்டப் போறியாம்லா. டீக்கடையில பேச்சே அதுதான். நல்ல காரியம். உன் வண்டி 2001-ல வந்த ஹோண்டா சிட்டி, 1.3 லிட்டர் என்ஜின். ஏ.சி. போட்டா அது முக்கும், போடலைன்னா நாம வேர்த்து முக்கணும். அதுக்கு 17 இன்ச் வீல் ரொம்பத் தேவைதான். தாராளமாப் போடு. ஊரே திரும்பிப் பாக்கும். நம்ம ஊரு ரோட்டுப் பள்ளமும் பாக்கும். ஊரு பாத்துட்டுப் போயிரும், பள்ளம் பாத்துட்டுச் சும்மா விடாது. அம்புட்டுதான் வித்தியாசம்.

மாமன் சொன்னா நீ கேக்கவா போற? ஆனாலும் சொல்லி வச்சிருதேன். நாளைக்கு நீ வந்து மூக்கைச் சிந்தும்போது, "நான் அன்னைக்கே சொன்னேன்லா"ன்னு சொல்லுற சொகம் எனக்கு வேணும். இந்த வயசுல வேற என்ன சொகம் இருக்கு சொல்லு.

வீலை நீதான் பாத்து எடுக்கப் போறதா நெனச்சுக்கிட்டு இருக்க. நீ ஆருலே எடுக்க? எந்த வீலு ஏறணும், எது ஏறக்கூடாதுன்னு அந்தக் காருல வீலைத் தாங்குற ஹப்பு அது செஞ்ச அன்னைக்கே முடிவு பண்ணி வச்சிருச்சு. உனக்குன்னு மிச்சம் விட்டது கலரு மட்டுந்தான். வெள்ளியா கறுப்பான்னு யோசி. மத்ததையெல்லாம் ஹப்புகிட்ட கேளு.

மொதல்ல ஓட்டை. கடைக்காரன் "நாலு ஓட்டை சார், ஜப்பான் கார் எல்லாத்துக்கும் ஏறும்"பான். நாலுன்னு எண்ணத்தான் அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்த நாலு ஓட்டையும் எந்த வட்டத்துல நிக்குதுங்கிறதுதான் கணக்கு. அதைத்தான் பி.சி.டி.ங்கிறாங்க. உன் வண்டிக்கு 100 மில்லிமீட்டர். எதிரெதிரா இருக்கிற ரெண்டு ஓட்டைக்கு, நடுவுல இருந்து நடுவுக்கு டேப்பு புடிச்சா தெரிஞ்சு போவும். 114.3 வந்தா அது வேற வண்டிச் சரக்கு. நாலரை இன்ச்சைத்தான் மில்லிமீட்டர்ல அப்படிச் சொல்லுறது. அது ஏறவே ஏறாது, அதனால அதுல ஆபத்தும் இல்ல. ஆபத்தெல்லாம் பழைய ஃபியட்டு வீலுலதான், அது 98. ரெண்டு மில்லிதானேன்னு தட்டி ஏத்திருவான். ஏறவும் செய்யும். ஹப்புல நட்டு ஏறுற ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மில்லி இழுபட்டு நிக்கும், நட்டு சாஞ்சு உக்காரும். நீயும் சந்தோசமாத் திருச்செந்தூர் கிளம்பிருவ. முருகன் பாத்துக்கிடுவான்னு வச்சுக்கோ.

அடுத்து நடு ஓட்டை. உன் மச்சினன் ஸ்விஃப்ட்டுல இருந்து கழட்டுன அலாய் நாலு மாடியில சும்மா கிடக்குதாமே. ஓசின்னா நம்ம குடும்பத்துக்குப் பி.சி.டி. என்ன, ஆர்.டி.ஓ. என்ன? அதுவும் நாலு ஓட்டை, அதே 100 தான். ஸ்டட்டுல அழகாப் போவும். கொஞ்சம் போயி "டக்"குன்னு நிக்கும். ஸ்விஃப்ட்டு நடு ஓட்டை 54.1 மில்லி, உன் ஹோண்டா ஹப்போட மூக்கு 56.1. உள்ள உக்காராது. உடனே ஒருத்தன் லேத்துல கொடைஞ்சு தாரேன்னு நிப்பான். கொடையும்போது மையம் ஒரு இணுக்கு விலகுச்சுன்னா, வண்டி ஓடுற காலம் பூரா வீலு வக்கணை காட்டிக்கிட்டே சுத்தும். மச்சினனுக்கு நன்றி சொல்லி, வீலை அவன் மாடியிலயே விட்டுரு. உறவும் நிக்கும், வீலும் நிக்கும்.

கடையில விக்கிற அலாயில இதுக்கு நேர் எதிர் கூத்து. எல்லா வண்டிக்கும் ஏறணும்னு நடு ஓட்டையை 73.1 வரைக்கும் பெருசா விட்டிருப்பான். உன் ஹப்பு அதுக்குள்ள லொடலொடன்னு இருக்கும். நம்ம தாத்தா காலத்து மாட்டு வண்டியில ஆசாரி மொதல்ல அச்சைப் பாத்துத்தான் சக்கரத்துக் குடத்தைக் கடைவாரு. குடம் தளர்ந்தா ஆரக்கால் எம்புட்டு அழகா இருந்தாலும் சக்கரம் ஆடும், கடையாணி மட்டும் என்ன பண்ணும்? இங்கயும் அதே கதைதான். அதுக்குத்தான் ஹப் ரிங்குன்னு ஒரு வளையம் விக்கிறான். வெளிச்சுத்து 73.1, உள்சுத்து 56.1-ன்னு அளவு சொல்லி வாங்கணும். வீலு வெலைக்கு அது ஒரு காசே இல்ல, அதனாலயே நீ வாங்க மாட்ட. பொறவு 80, 90-ல போவும்போது ஸ்டீரிங் நடுங்கும். "பேலன்சிங் சரியில்ல"ன்னு கடை கடையா ஏறி இறங்குவ. பேலன்சிங்காரன் புள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுற புண்ணியம் உனக்குக் கிடைக்கும்.

இப்ப ஆஃப்செட்டு. இதைப் பத்திக் கடைக்காரன் பேசவே மாட்டான், பேசுனா யாவாரம் கெட்டுரும். வீலைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாரு. ஈ.டி.ன்னு போட்டு ஒரு நம்பர் குத்தியிருக்கும். வீலோட அகலத்துக்கு நட்ட நடுவுல ஒரு கோடு போட்டா, அந்தக் கோட்டுல இருந்து ஹப்பு வந்து ஒட்டுற முகம் எத்தனை மில்லி தள்ளி இருக்குங்கிற கணக்கு அது. முன் வீல் இழுக்கிற உன் வண்டியில அந்த முகம் வெளிப்பக்கமாத் தள்ளி இருக்கும். உன் பழைய வீலு 5 இன்ச் அகலம், ஈ.டி. 45. நீ புடிச்சு வச்சிருக்கிறது 7 இன்ச் அகலம், ஈ.டி. 38. கணக்குப் போட்டா வீலு வெளிய 32 மில்லி துருத்தும், உள்ள 18 மில்லி போயி ஷாக் அப்சார்பரைத் தேடும். வெளிய துருத்துனதை மட்கார்டு வழிச்சு எடுக்கும். முழுசா ஸ்டீரிங் ஒடிக்கும்போது உள் லைனரு "கர்"ருன்னு பாட்டுப் பாடும். பள்ளத்துல விழுந்தா ஸ்டீரிங் கையைப் பிடுங்கும். வீல் பேரிங்கும் சீக்கிரமே கையை விரிச்சிரும்.

"உள்ள இடிச்சா ஸ்பேசர் போட்டுக்கலாம் மாமா"ங்கிற. போடு போடு. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல ஒரு தட்டைச் சொருகுனா ஹப்போட மூக்கு வீலுக்குள்ள எட்டாது, ஸ்டட்டுல நட்டு புடிக்கிற மரையும் குறையும். வீலு தனியாக் கழண்டு உன்னை ஓவர்டேக் பண்ணிப் போச்சுன்னா இண்டிகேட்டர் போட்டு வழி விடு, அதுதான் மரியாதை.

டயருக்கு வருவோம். டிரைவர் கதவைத் திறந்தா தூணுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாங்குன நாள்ல இருந்து நீ அதைப் படிச்சிருக்க மாட்ட. 175/70 ஆர் 13-ன்னு இருக்கும். 175 மில்லி அகலம், அதுல 70 சதவீதம் பக்கவாட்டு உயரம், 13 இன்ச் ரிம். அப்ப டயரோட மொத்த உயரம் 575 மில்லி வருது. நீ கேக்குற 205/40 ஆர் 17 போட்டா 596 வரும். மூணரை சதவீதத்துக்கு மேல கூடிப்போச்சு. 3-க்குள்ள நிக்கணும்கிறது பொதுக் கணக்கு. மீட்டரு சரியா இருந்த வண்டின்னா இனிமே அது 100 காட்டும்போது நீ 103-க்கு மேல போவ. மீட்டரு உனக்கு உறவு, அதனால மறைக்கும். ரோட்டுக் கேமரா மறைக்காது, சலானைச் செல்லுக்கே அனுப்பிரும்.

அதை விடு. பக்கவாட்டு ரப்பரைப் பாரு. 13 இன்ச்சுல அது 122 மில்லி, 17 இன்ச்சுல 82. போனது 4 சென்டிமீட்டர் ரப்பர். பள்ளம் வந்தா இத்தன நாளா உனக்குப் பதிலா அடி வாங்குனது அதுதான். இனிமே ரிம்மு வாங்கும், ரிம்முக்கு மிஞ்சுனதை உன் இடுப்பு வாங்கும். கனமும் கூடும். அந்த 1.3 என்ஜின் பாவம், பச்சை சிக்னல் விழுந்ததும் கிளம்ப நல்ல நேரம் பாக்கும். அதோட, பின் பக்கம் உனக்கு டிரம் பிரேக்கு. அம்மாம் பெரிய வீலுக்குள்ள அந்தக் குட்டி டிரம்மு எட்டிப் பாக்குற அழகை எதிர்த்த வீட்டுக்காரன் போட்டோ எடுத்து அனுப்புவான்.

நெசமாவே அழகு வேணும்னா ஒரு வழி இருக்கு, மெதுவாத்தான் சொல்லுவேன். 14 இன்ச் ரிம்முல 185/60 போட்டா மொத்த உயரம் 578. இல்ல, பெருசுதான் வேணும்னு அடம் புடிச்சா 15 இன்ச்சுல 195/50, அது 576. மீட்டரு பொய் சொல்லாது. அகலம் 14-க்கு ஐந்தரை, 15-க்கு 6 இன்ச் போதும். ஆஃப்செட்டு 40-க்கும் 45-க்கும் நடுவுல நிக்கட்டும். 15 இன்ச்சுல 6 இன்ச் அகலம், அதே 45 ஆஃப்செட்டுன்னா உள்ளயும் வெளியயும் 13 மில்லிக்குள்ளதான் கூடும். டயர்ல சைசுக்குப் பக்கத்துல 82-ன்னு ஒரு நம்பர் இருக்கணும். ஒரு டயரு 475 கிலோ தாங்கும்னு அர்த்தம். கல்யாணத்துக்குப் போவும்போது உன் வீட்டாளுக பின் சீட்டுல எப்படி ஏறுவாகன்னு எனக்குத் தெரியும். 82-க்குக் கீழ வாங்கிராத.

புதுப்பேட்டையில பழசு எடுக்கலாம்னும் ஒரு நெனப்பு இருக்கும். எடு, தப்பில்ல. உள்பக்கத்துல ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ.ன்னு ஜப்பான்காரன் முத்திரை இருக்கான்னு பாரு. முதலாவது அந்த நாட்டு அலாய் தரம், ரெண்டாவது சோதிச்சுப் பாத்ததுக்கு அடையாளம். அச்சு குத்துறதுக்கு நம்மாளுக்கும் தெரியும்கிறதால முத்திரையோட நிறுத்திராத. வெளிப்பக்கம் பளபளன்னு பெயின்ட் அடிச்சிருந்தா உள்பக்கத்தைத் தடவு. வெல்டிங் வச்ச மேடு விரலுக்குத் தட்டுனா, "அண்ணே, டீ சாப்பிட்டு வாரேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிரு. தட்டலைன்னா பேலன்சிங் மெஷின்ல வெறும் ரிம்மை மாட்டிச் சுத்தச் சொல்லு. கோணல் இருந்தா நீ கேக்காமலே தெரியும்.

வாங்குறதுக்கு முன்னால டயர் ஏத்தாம ஒரு ரிம்மை முன்னால மாட்டிப் பாரு. பிரேக் காலிப்பர் இடிக்குதா, நடு ஓட்டை உக்காருதான்னு சுத்திப் பாரு. டயர் ஏத்துன பொறவு ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, பின் சீட்டுல கனமான ஆளுகளா மூணு பேரை ஏத்தி, ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கு. ஆளுக்கு அலைய வேண்டாம், வடை வாங்கித் தந்தா நானே வாரேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி கொடுத்த வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதும்பான். வீலு மட்கார்டுக்கு வெளிய துருத்திக்கிட்டு நின்னா, ஆர்.சி. புதுப்பிக்கப் போன இடத்துல உனக்குத் தனி மரியாதை கிடைக்கும்.

கடைசியா நட்டு. இதுலதான் பெரிய பெரிய சூரனெல்லாம் கவுந்தான். ஹோண்டா கொடுத்த நட்டை எடுத்து முனையைப் பாரு. உருண்டையா இருக்கும். கடையில வாங்குன அலாயில ஓட்டை நேர்ச் சரிவா, 60 டிகிரி கூம்பா இருக்கும். உருண்டை முனை அந்தச் சரிவுல ஒரு வரி மட்டுந்தான் தொடும். ஸ்பேனர் போட்டா இறுகுனாப்புலதான் இருக்கும், நாலு நாள்ல தளரும். அதனால கூம்பு முனை நட்டு தனியா வாங்கணும், 12 மில்லி, மரை இடைவெளி ஒன்றரை. உன் மச்சினன் ஸ்விஃப்ட்டு நட்டையும் ஓசியில தருவான். அதுவும் 12 மில்லிதான், ஆனா இடைவெளி ஒண்ணேகால். கையால ஒரு சுத்து ஏறும், பொறவு ஸ்பேனரை வச்சு நீ மல்லுக்கட்டுனா ஸ்டட்டோட மரை போயிரும். நட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்கு. டார்க் ரெஞ்சுல 108 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னை வச்சு "டர்ர்"ருன்னு அடிக்கிறவன்கிட்ட உன் காரைக் கொடுக்காத. 100 கிலோமீட்டர் ஓடுன பொறவு ஒருதரம் மறுபடி பாத்துக்கோ.

புது நட்டு வந்துருச்சுன்னு பழைய நட்டைக் காயலான் கடையில போட்டுராத. டிக்கியில இருக்கிற ஸ்டெப்னி பழைய 13 இன்ச் இரும்பு வீலு. அதோட ஓட்டை உருண்டை நட்டைத்தான் ஏத்துக்கிடும். பழைய நட்டு நாலை ஒரு பையில கட்டி ஸ்டெப்னிக்குள்ளயே வையி. இல்லன்னா ராத்திரி சாத்தூர் தாண்டிப் பஞ்சராகி நிக்கும்போது, கையில ஜாக்கி இருக்கும், ஸ்டெப்னி இருக்கும், புது நட்டும் இருக்கும், ஒண்ணோடொண்ணு ஒட்டாது. அப்ப எனக்குப் போன் போடுவ. போடு. நான் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: "மாப்ளே, என்ன கலரு வாங்குன?"