33 ஆண்டு எழுத்தும் ஒரு வெள்ளிக்கிழமையும்

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இயங்கிவந்த கேம் இன்ஃபார்மர் என்ற வீடியோ கேம் இதழின் ஆசிரியர் குழுவைக் கூட்டத்துக்கு அழைத்து, இதழ் இன்றோடு முடிந்தது என்று சொன்னார்கள். 1991-ல் ஃபங்கோலேண்ட் என்ற விளையாட்டுக் கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகத் தொடங்கிய சிறு மடல் அது. பிறகு கேம்ஸ்டாப் நிறுவனத்தின் கைக்குப் போய், ஒரு காலத்தில் எழுபது லட்சம் பிரதிகளையும் தாண்டி விற்றது. அமெரிக்காவில் அதிகம் விற்ற இதழ்களின் வரிசையில் நின்றது.

மூடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நட்டம் வந்தால் கடையைச் சாத்துவது முதலாளியின் உரிமை. ஆனால் அன்றைக்கே இணையதளத்தையும் துடைத்துவிட்டார்கள். எந்தப் பழைய கட்டுரையைத் தேடிப் போனாலும் ஒரே ஒரு பிரியாவிடைக் குறிப்புதான் வந்து நின்றது. எழுதியவர்களுக்குத் தங்கள் எழுத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளவும் அவகாசம் இல்லை. ஜொகூர் பாருவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1999 வாக்கில் நாங்கள் ஸ்கூடாயில், தாமான் உங்கு துன் அமினாவில் இருந்தோம். அப்பா விடியுமுன்னே மோட்டாரை எடுத்துக்கொண்டு கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். அந்த வருமானத்தில் அண்ணனுக்கும் எனக்கும் வந்து சேர்ந்தது சிப் மாற்றிய பழைய பிளேஸ்டேஷன் ஒன்று. விளையாட்டு வட்டுகள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிடைக்கும். பெட்டி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே சாயம் போன ஒரு தாள், அவ்வளவுதான். அசல் வட்டின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரச் சமையலே முடிந்துவிடும்.

அப்படி வந்ததுதான் மெட்டல் கியர் சோலிட். அதில் ஸ்னேக் என்ற வீரன், பிடிபட்டுக் கிடக்கும் ஆயுதக் கம்பெனித் தலைவர் ஒருவரைக் கண்டுபிடிப்பான். மெரில் என்ற பெண்ணை ரேடியோவில் கூப்பிடு, அவளுடைய அலைவரிசை எண் சிடி உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது என்பார் அவர். அவரே ஸ்னேக்கின் கையில் ஒரு வட்டையும் கொடுத்திருப்பார். நாங்கள் அந்த வட்டைத்தான் உருட்டி உருட்டிப் பார்த்தோம். அறைக்கு அறை ஓடினோம், சுவருக்குச் சுவர் தட்டினோம். எண் கிடைக்கவில்லை. ரேடியோவில் 140.00-ல் தொடங்கி ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம் என்றான் அண்ணன். நான் பாதியில் தூங்கிப்போனேன்.

யாரிடம் கேட்பது? பள்ளியில் தெரிந்தவர் இல்லை. வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையில் சினிமா உண்டு, கோவில் திருவிழா உண்டு, பந்தாட்டம் உண்டு. வீடியோ கேம் பற்றி ஒரு வரி என் கண்ணில் பட்டதில்லை. கடைசியில் தாமான் கடைவரிசையில் இருந்த சிசிக்குப் போனோம். சைபர் கஃபேயை அன்று எல்லாரும் சிசி என்றுதான் சொல்வோம். மணிக்கு இரண்டு வெள்ளி. அங்கே ஓர் அமெரிக்க விளையாட்டுத் தளத்தில் விடை இருந்தது. உறை என்று அந்த ஆள் சொன்னது நம் கையில் இருக்க வேண்டிய உறையை. கடையில் வாங்கிய அசல் பெட்டியின் பின்பக்கப் படம் ஒன்றில் 140.15 என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டியே இல்லாமல் வாங்கிய எங்களுக்கு அது எப்படித் தெரியும்!

அண்ணன் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு எழுந்துவிட்டான். நான் மீதிக் கட்டுரையையும் படித்தேன். ஹிடியோ கோஜிமா என்ற ஜப்பானியர் இதை வேண்டுமென்றே செய்தார், ஆட்டத்தைத் திரைக்கு வெளியே, ஆடுகிறவன் கை வரைக்கும் இழுத்து வந்தார் என்று எழுதியிருந்தது. விளையாட்டை ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்குகிறார் என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது. படத்துக்கு இயக்குநர் இருப்பதுபோல இதற்கும் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு கை இருக்கிறது, அந்தக் கையை அடையாளம் காட்டுவதற்கென்றே சிலர் எழுதுகிறார்கள். அதன்பின் விளையாடிய நேரத்தைவிட விளையாட்டைப் பற்றிப் படித்த நேரம்தான் அதிகம். பிடித்த கட்டுரையை அச்செடுத்து வைத்துக்கொள்வேன். ஆங்கிலம் எனக்குக் கொஞ்சமாவது வசப்பட்டது என்றால் பாதிப் பெருமை அந்தத் தாள்களுக்குத்தான் சேரும்.

வீட்டுக்கு இணையம் வந்த பிறகு, 1515 எண்ணைச் சுழற்றி இணைத்த நாட்களில், போன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்பார்: "விளையாடுறதுக்குக் காசு சரி, விளையாட்டைப் பத்திப் படிக்கிறதுக்குமா காசு?" ஆமாம் அம்மா, அதற்குத்தான்.

பிறகு இப்படிப்பட்ட தளங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஐஜிஎன் நிறுவனம் ஸிஃப் டேவிஸ் கைக்கு மாறிய அதே 2013 பிப்ரவரியில் அதன் கேம்ஸ்பை, 1அப், யூஜிஓ தளங்கள் மூன்றும் ஒரே அறிவிப்பில் மூடப்பட்டன. சிசி பையன்களுக்கு கேம்ஸ்பை என்றால் இணையத்தில் எதிராளியைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சேவை. அந்தச் சேவையும் 2014 மே மாதத்தோடு நின்று, பல பழைய விளையாட்டுகளின் இணைய ஆட்டம் அநாதையானது. 2004-ல் தொடங்கிய ஜாய்ஸ்டிக் 2015-ல் போனது. 2025 மே மாதம் பாலிகான் வேறு கைக்கு விற்கப்பட்டு, அதன் எழுத்தாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். வாசகர் வீடியோவுக்குப் போனார்கள், விளம்பரமும் கூடவே போனது. தேடுபொறி விடையைத் தன் பக்கத்திலேயே காட்டிவிடுவதால் தளத்துக்குள் யாரும் நுழைவதில்லை. காரணம் எல்லாம் புரிகிறது. ஆனால் இந்தத் தொழில் ஏழைத் தொழில் இல்லையே. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஐந்தாம் பாகம் மட்டும் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அத்தனை பணம் புரளும் இடத்தில், அதைப் பற்றி யோசித்து எழுதுகிறவனுக்குச் சம்பளம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று என் அக்கா மகன் இஸ்கண்டார் புத்ரியில் இருக்கிறான், படிவம் ஐந்து. எங்காவது மாட்டிக்கொண்டால் யூடியூபைத் திறப்பான், அரை நிமிடத்தில் விடை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று எங்களுக்கு அது கிடைத்திருந்தால் நாங்களும் அதைத்தான் பார்த்திருப்போம். நேரலையில் விளையாடிக்கொண்டே பேசுகிறவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் 2019 ஏப்ரலில் ஜேசன் ஷ்ரையர் கொட்டாக்கு தளத்தில் எழுதியது போன்ற ஒன்றை நேரலையில் பேசிச் செய்ய முடியாது. ஆன்தெம் என்ற விளையாட்டு ஏன் தோற்றது, அதை உருவாக்கியவர்கள் வேலைப்பளுவில் எப்படி நொடிந்தார்கள் என்று உள்ளே இருந்த பலரிடம் பேசி, சரிபார்த்து எழுதிய கட்டுரை அது. அதற்குப் பொறுமையான ஆளும், பின்னால் நிற்கும் ஆசிரியரும், சம்பளம் கொடுக்கும் தளமும் வேண்டும்.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்டார்கிராஃப்ட்டும் டையப்லோ இரண்டாம் பாகமும் புது மெருகோடு திரும்ப வந்தபோது அந்தக் கலை வேலையில் மலேசியாவின் லெமன் ஸ்கை கூடத்துக்குப் பங்கு உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி பதினைந்தாம் பாகத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்த வான் ஹஸ்மர், ஊர் திரும்பி மெட்ரோனோமிக் என்ற கூடத்தைத் தொடங்கி, 2020-ல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் விளையாட்டை வெளியிட்டார். இப்படிப்பட்டவர்கள் என்ன நினைத்து எதைச் செய்தார்கள் என்று அன்றன்றே கேட்டு எழுதி வைத்தவர்கள் இந்த இதழ்க்காரர்கள்தான். இருபது வருடம் கழித்து யாராவது தேடினால் அந்தப் பேட்டிகள் இருக்குமா?

1924-ல் தொடங்கிய நம் தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல் நின்றபோது அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் நேசனின் பழைய தாள்கள் நூலகங்களில் கிடக்கின்றன, யார் வீட்டுப் பரணிலோ கட்டுக் கட்டாக இருக்கின்றன. தாளை அழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். இணையதளத்துக்கு ஓர் ஆள் ஒரு மதியம் போதும். 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுக்குப் பிறகு காணவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது.

கேம் இன்ஃபார்மருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2025 மார்ச்சில் கன்சில்லா கேம்ஸ் அதை வாங்கி, பழைய குழுவையே கூட்டி வந்து, அழித்த கட்டுரைகளையும் மீண்டும் ஏற்றியது. செய்தி வந்தபோது மனம் நிறைந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் 33 ஆண்டு எழுத்தின் கதி ஒரு புது முதலாளியின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்துக்கு, அந்நாட்டு முகவரி கொண்ட இணையதளங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2019 முதல் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த அக்கறை நம் பக்கத்து எழுத்துக்கும், முக்கியமாகத் தமிழில் எழுதப்படுவதற்கும் வேண்டும்.

அப்படிச் சேர்த்து வைக்க முதலில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அதனால் அக்கா மகனை நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் பற்றித் தமிழில் எழுதச் சொன்னேன். "தமிழ்லயா? யாரு மாமா படிப்பா?" என்றான். "நான் படிப்பேன், நீ எழுது" என்றேன். ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். பாட்டு பிரமாதம், சண்டை சில இடத்தில் இழுக்கிறது என்று இருந்தது. எந்தச் சண்டை, எந்த இடத்தில், ஏன் இழுக்கிறது என்று ஓரத்தில் குறித்து, இன்னொரு தடவை விளையாடிவிட்டு எழுது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.