கல்முனைக் கரை விருதாவளி: ஓர் ஆராய்ச்சி

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையில் கடலோரமாகச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கும் கட்டப்படுகின்ற பதாகைகளையும், வீடு தேடி வரும் கலியாணக் கடிதங்களையும், திறப்புவிழாக் கற்களையும் சாசனங்களாகக் கொண்டு, அவற்றுள் மனிதருடைய இயற்பெயர் எவ்விடத்தில் மறைந்து கிடக்கிறது என்று துருவிப் பார்ப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும். சோழர் மெய்க்கீர்த்தியில் மன்னன் பெயர் கடைசியிலாவது வந்துவிடும். இங்கேயோ பெயரைத் தாண்டிய பின்னும் 'ஜே.பி.' (சமாதான நீதவான்) காத்து நிற்கிறது.

'தேசமான்ய, தேசகீர்த்தி, சாமஸ்ரீ, அல்ஹாஜ் இன்னார், ஜே.பி.' என்னும் வாசகத்தை மாதிரியாகக் கொள்வோம். முன்னே ஸம்ஸ்கிருதம், நடுவே அரபு, வாலிலே ஆங்கிலம் என மூன்று சாம்ராஜ்யங்கள் ஒரே வரியில் சச்சரவின்றிக் குடியிருப்பது உலக சரித்திரத்தில் அபூர்வமே. இவற்றுள் அல்ஹாஜ் பெயரைவிட்டு ஒருபோதும் விலகுவதில்லை. மக்காவுக்குப் போய் வந்தவை அவருடைய சொந்தக் கால்களல்லவா? ஸம்ஸ்கிருதப் பட்டங்களோ கிடைத்த கால முறைப்படி இடப்புறமாக வளர்வனவாதலால், அவற்றைப் படை படையாக உரித்துப் பார்த்து ஒருவருடைய பொதுவாழ்வின் காலவரலாற்றை ஒருவாறு நிர்ணயித்துவிடலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கரையின் உயர்ந்த அலங்காரம் 'கேட் முதலியார்' என்பதாயிருந்தது. கல்முனைத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த எம்.எஸ். காரியப்பர் அப்பட்டத்தோடேயே நினைக்கப்படுகிறார். சேர் பட்டங்கள் 1956 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தோடு அற்றுப்போக, ஏறக்குறைய முப்பதாண்டு வெறுமைக்குப் பின், 1986 அளவில் ஸ்ரீ லங்காபிமான்ய, தேசமான்ய, தேசபந்து, வித்யாஜோதி முதலிய தேசிய விருதுகள் ஜனாதிபதியால் வழங்கப்படலாயின. அவற்றின் ஓசையில் ஈடுபட்ட சங்கங்கள் தாமும் மண்டபம் பிடித்துப் பொன்னாடை போர்த்தி அதே இனத்துப் பட்டங்களைச் சூட்டத் தலைப்பட்டமையால், அரசு தந்தது எது, சங்கம் தந்தது எது என்பது பதாகையில் புலப்படுவதில்லை. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டலாகாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல் விதித்தது. அத்தீர்ப்பு பாக்கு நீரிணையைக் கடக்கவில்லை.

இவ்விடத்தில் 'ஸ்ரீ'யின் யாத்திரை தனியே சிந்திக்கத்தக்கது. 1957 இல் வாகன இலக்கத்தகட்டிலே சிங்கள ஸ்ரீ ஏறியபோது, தமிழரசுக் கட்சியார் வடக்கிலும் கிழக்கிலும் தார்ச்சட்டியோடு புறப்பட்டனர். தமிழ் எழுத்தில் அதே ஸ்ரீயை எழுதி ஒட்டியும் ஓடினர். வழக்கு வரிவடிவத்தின் மேல்தானேயன்றி ஸ்ரீயின் மேலன்று. அத்தகைய ஸ்ரீ இன்று சாமஸ்ரீயின் வாலாக அழகிய தமிழெழுத்தில் வந்து கல்முனைச் சந்தியில் தொங்குகிறது. தார் பூசுவார் எவருமிலர். ஆயினும் தனி ஸ்ரீயை ஒரு முஸ்லிம் பெயருக்கு முன் இங்கு எவரும் இடுவதில்லை. அவ்வாசனம் ஜனாபுக்கே உரியது. மலேசியாவில் 'டான் ஸ்ரீ' தாங்கும் முஸ்லிம்களை நோக்க, இது மார்க்க நியாயமன்று, வெறும் பழக்கமே என்று துணியலாம்.

பட்டம் பெயரையே விழுங்கிவிட்ட உதாரணமும் உண்டு. மருதமுனை ஆ.மு. ஷரிபுத்தீன் 'புலவர்மணி' என்றாலே விளங்கிவிடுகிறார். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனனாராகிய விபுலாநந்தருக்கோ, சுவாமி என்றும் அடிகள் என்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இவை மக்கள் வாயில் நின்றவை.

மற்றவை நிற்பதில்லை. ஒலிவாங்கியைப் பிடித்த அறிவிப்பாளரைத் தவிர, "தேசகீர்த்தி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று விளித்தவரை நாம் கண்டிலோம். கடைத்தெருவில் அப்பட்டக்காரர் ஹாஜியார், வயற்காரருக்குப் போடியார், படித்த பிள்ளைகளுக்கு சேர், எஞ்சியோர்க்கெல்லாம் காக்கா.

இனி அச்சகத்தாருடைய சங்கடம். பதாகையின் அகலம் மாறாதிருக்கப் பட்டங்கள் பெருகுவதால், இயற்பெயரின் எழுத்து ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே போகிறது. இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், பெயருக்கு மேலே பெரியதொரு புகைப்படம். சந்தியில் நிற்பவர் எழுத்தை விட்டுப் படத்தை அண்ணாந்து பார்த்து, "இவரு நம்மட மாஸ்டர்தானே, இதெல்லாம் எப்ப எடுத்தாரு?" என்கிறார்.