தண்டால் கட்சிக்கு என் ஓட்டு

இளைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர், இளைப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டியிருக்கிறது. கோவை ரேஸ்கோர்ஸையும் சென்னை மெரினாவையும் விடியுமுன் வலம்வருபவர்கள் நடைக் கட்சி. தண்டால், பஸ்கி, டம்பெல், டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் என்று இருப்பவர்கள் தண்டால் கட்சி. "வெயிட் தூக்கினால் உடம்பு கனத்துப் போகும், நிறுத்தினால் தொங்கிப் போகும்" என்பது முன்னவர்களின் பிரசாரம். "மசில் ஏத்துங்கண்ணா, தூங்கும்போதே கொழுப்பு எரியும்" என்பது பின்னவர்களின் வாக்குறுதி. என் ஓட்டு தண்டால் கட்சிக்குத்தான். ஆனால் அந்த வாக்குறுதியை நம்பிப் போடவில்லை; அது நிறைவேறாது.

எடை இயந்திரத்தை நீதிபதியாக வைத்தால் என் கட்சி டெபாசிட் இழக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், பருத்த உடம்புக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து 8 மாதம் பயிற்சி கொடுத்து, முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். மூச்சு வாங்க நடந்தும் ஓடியும் வந்த குழு சராசரியாக 1.76 கிலோ இளைத்தது. இரும்பு தூக்கிய குழுவோ 0.83 கிலோ ஏறியிருந்தது! இதைத் திருநெல்வேலி அல்வாவாலேயே சாதித்திருக்கலாம், வேர்வையும் மிச்சம். தூக்கத்தில் எரியும் கதையும் இந்த லட்சணம்தான். ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பது ஏறக்குறைய 13 கலோரி. சர்க்கரை போட்ட டிகிரி காபியில் இரண்டு மடக்கு குடித்தால் கணக்கு தீர்ந்தது.

நடைக் கட்சியினர் அதற்குள் பட்டாசு வெடிக்க வேண்டாம். 70 கிலோ ஆசாமி ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் 250 கலோரி அளவுக்குச் செலவாகும். நடந்த களைப்பில் நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு மெதுவடையைச் சட்னியில் தோய்த்து எடுத்தால், போனது அத்தனையும் திரும்பி வந்துவிடும். வடையைத் தொடாத உத்தமர்களுக்கும் முழு லாபம் கிடைப்பதில்லை. தான்சானியாவில் ஹட்சா என்ற மக்கள் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிறார்கள். நடையில் அவர்களை மிஞ்ச நம் சங்கங்களில் ஆளில்லை. ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்ஸரின் குழுவினர் 2012-இல் அளந்து பார்த்தபோது, உடல் அளவுக்கு ஈடுசெய்து கணக்கிட்டால், ஹட்சாக்களின் தினசரிச் செலவும் நாற்காலியில் தேய்கிற மேலைநாட்டாரின் செலவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நடையில் கூடுதலாகச் செலவழிப்பதை உடம்பு வேறு எங்கோ கமுக்கமாக மிச்சம் பிடித்துவிடுகிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். ஆகவே இளைப்பது பெரும்பாலும் இலையில் நடக்கிற காரியம். அதைப் பற்றி மட்டும் இரு கட்சிகளும் வாய் திறப்பதில்லை.

அப்படியானால் தண்டால் எதற்கு? இலையில் குறைத்து இளைக்கும்போது கொழுப்பு மட்டும் நாகரிகமாக விடைபெற்றுப் போவதில்லை. குறைகிற எடையில் கால்வாசி வரை தசை முதலான கொழுப்பற்ற பகுதியாக இருக்கலாம். நம்மிடம் அது ஏற்கெனவே பற்றாக்குறை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடம்பையே சாட்சியாக நிறுத்தினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, எந்த இயந்திரமும் இருவரையும் பாராட்டியிருக்கும். ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். கையும் காலும் குச்சி, நடுவில் மட்டும் பானை என்று நாம் பார்த்துப் பழகிய உருவத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. எடை தூக்குவது, இலையில் குறைத்தாலும் தசையைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. டியூக் ஆய்விலும் 0.83 ஏறியது என்று சிரித்தோமே, அந்தக் குழுவுக்குக் கூடியது கொழுப்பு அன்று, 1.09 கிலோ கொழுப்பற்ற எடை. கொழுப்பை அதிகம் கரைத்தது இரண்டையும் செய்த மூன்றாவது குழு. அவர்கள் இரட்டிப்பு நேரம் உழைத்தார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன்.

"வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேனே" என்று அஞ்சும் பெண்களும் அந்த 1.09-ஐக் கவனிக்கலாம். எட்டு மாத உழைப்புக்கு அவ்வளவுதான். ஆணழகன் மேடையில் யாரும் வழிதவறி ஏறிவிட மாட்டார்கள். இதயத்துக்கு நடைதானே நல்லது என்றால், சந்தேகமில்லை, நடக்கட்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வாரம் 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற பயிற்சி வேண்டும் என்றதோடு, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கவும் சொன்னது. நம்மவர்கள் பாதியோடு தாளை மடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது "வயசாகிவிட்டது" என்ற வாதம். பெரும்பாலும் இது நாற்பத்தைந்து வயதில் வரும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்குக் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1990-இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை எட்டே வாரத்தில் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. நாற்பத்தைந்துகாரர்கள் அவர்களிடம் போய் முழங்கால் வலி பற்றிப் பேசிப் பார்க்கட்டும்.