கிளாஸ்கள் தானாய்ப் பிறந்த காலம்

ஒரு எக்ஸ்எஸ்டி ஃபைலை, அதாவது எக்ஸ்எம்எல் ஸ்கீமாவைக் கொடுத்து இதற்கு ஜாவா கிளாஸ் வேண்டும் என்றால், இன்றைய பிள்ளைகள் அதை ஏஐயிடம் ஒட்டிவிட்டுக் காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் அன்று காபிக்குத்தான் போனோம். ஆனால் கறுப்புத் திரையில் எக்ஸ்ஜேசி என்று தட்டி, ஸ்கீமாவைப் படிக்கிறேன், கம்பைல் செய்கிறேன் என்று அது இரண்டு வரி சொல்லி முடித்ததும் கிளாஸ் பெயர்கள் சரசரவென்று மேலேறிப் போவதை, பந்தி நிரம்புவதைப் பார்க்கும் பெண்வீட்டுக்காரர் மாதிரி நின்று ரசித்துவிட்டுத்தான் போனோம்.

2009, 2010 வாக்கில் சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பிய வங்கிப் பணத்துக்கு நிரல் எழுதிய என் வயதுக்காரர்களுக்கு பணம் அனுப்பச் சொல்லும் ஐஎஸ்ஓ 20022-இன் பெயின்.001 ஃபைல் மறந்திருக்காது. பணம் கொடுப்பவர் ‘Dbtr’, பெறுபவர் ‘Cdtr’ என்று, இடம் மிச்சம்பிடிக்க உயிரெழுத்தையெல்லாம் உதறிவிட்ட டேக்குகள். தேதி என்று ஒன்று வந்தால் போதும், எக்ஸ்எம்எல்கிரிகோரியன்காலண்டர் வந்து நிற்கும்; சம்பளம் அனுப்பத்தானே போகிறோம், கிரகணமா கணிக்கிறோம் என்று நொந்துகொள்வோம். லிஸ்ட் வருகிற இடத்திலெல்லாம் இதற்கு ஏன் செட் மெத்தட் இல்லை என்று ஒரு பத்தி சமாதானம், ஃபைலுக்கு ஃபைல் அதே சொற்களில். அந்தப் பத்தியையும் நான் விடாமல் படித்தேன் என்பதை இப்போது சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

இரண்டு பெயர் மோதிக்கொண்டு ஆப்ஜெக்ட்ஃபாக்டரி முரண்டு பிடித்தால், பைண்டிங் ஃபைல் எழுதத் தெரிந்த சீனியர் ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். “என்ன தம்பி, ஃபாக்டரியில ஸ்ட்ரைக்கா?” என்று கேட்டுவிட்டு, நாலு வரி எக்ஸ்பாத்தில் சமரசம் செய்துவைப்பார். தானாய் உண்டான கிளாஸின் தலையில், இதைத் திருத்தினால் அடுத்த முறை அழிந்துவிடும் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே ஆத்தர் என்று என் பெயரைப் போட்டுக்கொள்வேன். அடுத்த பில்டில் காணாமல் போகும், மறுபடி போடுவேன். அந்த வயதின் ஆசை அப்படி.

பிறகு ஜேசன் வந்தது. ஸ்கீமா என்ற தொல்லையே ஒழிந்தது என்று கொண்டாடினோம், கொண்டாட்டம் ஓய்வதற்குள் ஜேசனுக்கும் ஸ்கீமா வந்தது, ஓப்பன்ஏபிஐ வந்தது, அதிலிருந்து கிளாஸ் பிரசவிக்கும் கருவிகளும் வந்தன. 2018-இல் ஜாவா 11, எக்ஸ்ஜேசியின் குடும்பமான ஜேஏஎக்ஸ்பியை (JAXB) வீட்டை விட்டே வெளியேற்றியது. ஆனால் நாங்கள் தலைமுழுகிய எக்ஸ்எம்எல்லையே 2023 மார்ச்சில் ஸ்விஃப்ட் நாடு விட்டு நாடு போகும் பணத்துக்கு வரவேற்று உட்காரவைத்தது. இப்போது கிளாஸ்களை மேவன் எங்கோ டார்கெட் ஃபோல்டருக்குள் பெற்றுப்போடுகிறது, பெயர்கூட யாரும் கேட்பதில்லை. போன வாரம் பக்கத்து சீட்டுப் பெண் திறந்து வைத்திருந்த பெயின்.001-ஐ எட்டிப் பார்த்தேன். கடைசி எண் 03 போய் 09 ஆகியிருக்கிறது, உயிரெழுத்து ஒன்றுகூடத் திரும்பவில்லை.