மாப்ளைக்கு ஒரு தொழில் யோசனை

மாப்ள, கமிஷன் வேலை ஒண்ணு வந்திருக்கு, போகட்டுமான்னு கேட்டே. யோசிச்சுப் பாத்தேன். வேலையில குத்தமில்ல, பதவிதான் ரொம்பச் சின்னது. இந்தப் புனேயில சாங்வி, பிம்ப்ளே குரவ், தாப்போடின்னு வீடு வீடா ஏறி, "இலவச முகாம் மாமா, பி.பி. பாக்குறாங்க, ஆயுஷ்மான் கார்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க"ன்னு ஆள் சேக்கணும். தலைக்கு இவ்வளவுன்னு ஆஸ்பத்திரிக்காரன் குடுப்பான். வெயில்ல அலையுறதும் நீ, மாட்டுனா மொத மாட்டுறதும் நீ. இதுக்கா உன் அம்மா உன்னைக் கோவில்பட்டியிலிருந்து ரயிலேத்தி விட்டா?

சம்பாதிக்கணும்னா சொந்தமா ஒரு ஆஸ்பத்திரி வை.

ஆயுஷ்மான் மாதிரி சர்க்கார் இலவச வைத்தியத் திட்டம்னாலே ஏழைதான் ஏமாத்துவான்னு ஒரு பேச்சு உண்டு. நம்ம ஊர் டீக்கடையிலயும் அதான், இங்க சொசைட்டி பெஞ்சுல சாயங்காலம் உக்காந்திருக்கிற பெரிய மனுசங்க வாயிலயும் அதான். அவங்களை ஒண்ணே ஒண்ணு கேளு: பணம் யார் கணக்குக்குப் போகுது? கார்டுக்காரன் கையில காலணா வராது. பில்லு எழுதுறது ஆஸ்பத்திரி, பணம் வாங்குறதும் ஆஸ்பத்திரி. அவனுக்குக் கிடைக்கிறது தையலும் ஒரு பை மாத்திரையும். எழுதப் படிக்கத் தெரியாத ஆளு பொய் பில்லு எப்படி மாப்ள எழுதுவான்?

2023 ஆகஸ்டுல இந்த ஆயுஷ்மான் திட்டத்தைத் தணிக்கை பண்ணி சி.ஏ.ஜி. குடுத்த அறிக்கை பார்லிமெண்டுக்கு வந்துச்சு. படிக்கப் படிக்க எனக்குப் பக்தியே வந்துருச்சு. 7,49,820 பேருக்கு ஒரே செல்போன் நம்பர், பத்து ஒன்பது! இம்புட்டுப் பெரிய கூட்டுக்குடும்பம் நம்ம தாலுகாவுல கிடையாது. நம்பரை வச்சு நாங்க ஆளை அடையாளம் பாக்குறதில்லைன்னு சர்க்கார் சொல்லுச்சு. சரி, விட்டுருவோம். ஏற்கெனவே செத்துட்டாங்கன்னு திட்டத்துக் கம்ப்யூட்டர்லயே பதிஞ்சிருந்த 3,446 பேருக்கு அதுக்கப்புறமும் வைத்தியம் பாத்ததா 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆயிருக்கே, அதுக்கு என்ன சொல்ல? செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு நாம ஒரே ஒருத்தரைத்தான் இத்தனை வருசமாக் கொண்டாடிக்கிட்டிருக்கோம். 48,387 பேரு ஒரு ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே இன்னொரு அட்மிசன்ல படுத்திருக்காங்க. அது சித்தர்களுக்குத்தான் முடியும்னு நெனச்சிருந்தேன்.

நம்ம ஊரைச் சும்மா சொல்லக்கூடாது. தமிழ்நாட்டுல 7 ஆதார் நம்பர்ல 4,761 பதிவு. அதுபோக, 1,07,040 பென்சன்காரங்க பேரும் ஏழைகள் பட்டியல்ல இருந்துச்சு. அவங்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டுன பிரீமியம் 22.44 கோடி. மாசம் பொறந்தா பென்சன் வாங்குறவன் பேரு உள்ள, முள்ளு வெட்டப் போற கிழவி வெளிய. ஏழை ஏமாத்துறான்னு பெஞ்சுல பேசுறதும் பாதி இந்த ஆளுங்கதான்.

சிரிச்சது போதும், இதைக் கேளு. 2024 நவம்பர் 10ஆந் தேதி குஜராத்துல மெஹ்சானா ஜில்லா போரிசணா கிராமத்துல ஒரு இலவச முகாம். நடத்துனது அகமதாபாத் கியாதி ஆஸ்பத்திரி. உனக்கு வந்திருக்கே, அதே மாதிரி முகாம். மேல்சோதனைன்னு பஸ்ல ஏத்திக் கொண்டுபோய் 19 பேருக்கு ஆஞ்சியோகிராம் பண்ணி, 7 பேருக்கு இருதயத்துல ஸ்டென்ட் வச்சுட்டாங்க. வீட்டு ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ரெண்டு பேரு செத்துப்போனாங்க. போலீசு டாக்டரை மட்டும் பிடிக்கலை, ஆஸ்பத்திரி நிர்வாகத்து ஆளுங்களையும் பிடிச்சுது. அதுக்கும் முன்ன, 2008ல வந்த பழைய வைத்திய ஸ்மார்ட் கார்டு திட்டம், குடும்பத்துக்கு வருசம் 30,000 ரூபாய்தான். அந்தச் சொற்பக் காசுக்காகப் பீகார் சமஸ்திபூர்லயும் சத்தீஸ்கர்லயும் கூலிக்காரப் பொம்பளைங்க கர்ப்பப்பையை அவசியமில்லாம அறுத்து எடுத்தாங்கன்னு 2012ல வெளிய வந்துச்சு. பொய் பில்லு எழுதுறவனாவது காசை மட்டும் எடுக்கிறான். இவனுங்க உடம்பையே எடுத்தானுங்க.

இது நம்ம நாட்டு வியாதி மட்டுமில்ல. அமெரிக்காவுல கொலம்பியா/எச்.சி.ஏ.ன்னு பெரிய ஆஸ்பத்திரிக் கம்பெனி. சர்க்கார் திட்டங்களுக்குப் பொய்க்கணக்கு எழுதுன குத்தத்துக்காக 2000லயும் 2003லயும் மொத்தம் 170 கோடி டாலர் கட்டுச்சு. விசாரணை நடக்கையில தலைமை நாற்காலியில இருந்த ரிக் ஸ்காட் 1997ல வேலையை விட்டாரு. அவர் மேல கிரிமினல் வழக்கு எதுவும் போடலை. 2011ல புளோரிடா கவர்னர், 2019ல செனட்டர். பாத்தியா, கம்பெனி அபராதம் கட்டுது, ஆளு கோட்டைக்குப் போறாரு. இந்த உத்தியோகத்துல ஆள் பிடிக்கிறவன் கவர்னர் ஆனதா நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு சேதி. 2024 அக்டோபர்ல இருந்து 70 வயசு ஆன எல்லாருக்கும், வருமானம் பாக்காம, வருசம் அஞ்சு லட்சம் கார்டு. மகாராஷ்டிராவுல மகாத்மா புலே இலவச வைத்தியத் திட்டமும் மஞ்சள், காவி ரேசன் கார்டோட நிக்காம இப்ப வெள்ளைக் கார்டு வரைக்கும் வந்தாச்சு. அதனால உன் முகாமுக்கு மொதல் உருப்படியே நான்தான். என் முழங்கால் ரெண்டும் நாற்பது வருசமா வலிக்குது, அதுக்கு இப்பத்தான் விலை கூடியிருக்கு. கமிஷனுக்காக மாமன் காலையும் எழுதிக் குடுப்பியா?

திட்டம் கெட்டதுன்னு நான் சொல்லலை. கடன் வாங்காம ஆபரேசன் முடிஞ்சு வீடு திரும்புன ஏழை எத்தனையோ பேரு. அந்தப் பணத்துலதான் இந்த மாதிரி ஆஸ்பத்திரிக்காரனுங்க கைவைக்கிறானுங்க.

நாளைக்கு அந்த ஆளுகிட்ட முடியாதுன்னு சொல்லிரு. வீடு வீடாப் போறதை மட்டும் விடாத. கார்டை யார் கையிலயும் குடுத்துட்டு வராதீங்க, வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வைக்காதீங்க, டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன வைத்தியம்னு எழுதி வாங்குங்க, பில்லுல சந்தேகம்னா 14555க்கு போன் போடுங்கன்னு சொல்லு. பி.பி. பாக்கணும்னு கேக்குறவங்களைச் சாங்வி பாட்டா முக்குகிட்ட இருக்கிற ஔந்த் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அங்க கமிஷன் கிடையாது, வரிசை உண்டு.